டொல்பின் வான் காம்பர் ஆனபின்: தேய்ந்த சொக்கை மாற்றுவது எப்படி?

கேள்வி இது: 1997ஆம் ஆண்டு ரொயோட்டா ஹையேஸ், எச்100 வகை, நம்மவர் டொல்பின் என்று சொல்வது. உள்ளே கட்டில், சமையல் மேசை, 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, 100 ஆம்பியர்-அவர் பற்றரி எல்லாம் பூட்டிக் காம்பர் வானாக்கியிருக்கிறது. மதகு ஏறி இறங்கினால் மூன்று நாலு தரம் ஆடித்தான் அடங்குகிறது. பின்பக்கம் தாழ்ந்தும் நிற்கிறது. நாலு சொக்கையும் (சொக் அப்சோபர்) மாற்றினால் இரண்டு பிரச்சினையும் தீருமா? வீட்டு முற்றத்தில் வைத்தே மாற்றலாமா?

ஆட்டம் தீரும். தாழ்வு தீராது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் நாலு சொக்குக்குக் காசு கொடுத்துவிட்டு, "முன்னரைப் போலத்தான் குந்திக்கொண்டு நிற்கிறது" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். வீட்டில் மாற்றலாமா என்றால், பின்பக்கம் தாராளமாக மாற்றலாம். முன்பக்கத்துக்குக் கொஞ்சம் பொறுமையும், நம்பக்கூடிய இரண்டு ஸ்ரான்ட்டும் (ஜக்கால் உயர்த்திய வானைத் தாங்கும் இரும்புக் கால்) வேண்டும்.

வானின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். சொக் பாரம் தாங்குவதில்லை. குழியில் விழும்போது ஸ்பிரிங் அமுங்கி, வாங்கிய விசையைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும், அதுதான் ஆட்டம். சொக்கின் உள்ளே ஒரு பிஸ்டன் ஒயிலைச் சின்னச் சின்ன வால்வுத் துளைகளால் தள்ளி, அந்த விசையைச் சூடாக மாற்றிவிடுகிறது. காஸ் நிரப்பிய சொக் என்றாலும் அது தண்டைத் தள்ளுவது பத்துப் பதினைந்து கிலோ அளவில்தான். தண்டின் விட்டம் 12.5 மி.மீ. என்றால் அதன் முகப்பு ஒன்றேகால் சதுர சென்ரிமீற்றர். உள்ளே 10 பார் அழுத்தம் இருந்தாலும் 12 கிலோதான் வரும். ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட வானை அது எங்கே தூக்குவது?

ஆகவே சாமான் வாங்கப் போகமுன்னர் அளவுநாடாவை எடுங்கள். வானைச் சமதரையில் விட்டு, தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, பயணத்துக்குப் போகிற மாதிரியே சாமான் ஏற்றிய நிலையில், நாலு சில்லிலும் சில்லின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடதும் வலதும் 15 மி.மீற்றருக்கு மேல் வித்தியாசப்பட்டால் பாரம் ஒரு பக்கம் குவிந்திருக்கிறது, அல்லது ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. காம்பர் வான்களில் இது சர்வசாதாரணம். சமையல் மேசை, தண்ணீர், காஸ் சிலிண்டர், பற்றரி எல்லாவற்றையும் ஒரே சுவரோடு வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் வெறும் கட்டிலை விடுகிறார்கள்.

எவ்வளவு ஏற்றியிருக்கிறீர்கள் என்று கணக்குப் பாருங்கள். தண்ணீர் 60 கிலோ. ஈய-அமிலப் பற்றரி 30 கிலோ அளவு. 12 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலடி முழுத் தகடு ஒன்று ஏறக்குறைய 20 கிலோ. ஐந்து தகடு போயிருந்தால் 100. ஃபிறிட்ஜ், மெத்தை, சிலிண்டர், பாத்திரம் சேர்த்தால் 250 கிலோவைத் தாண்டிவிடும். பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றி ஓடிய வானுக்கு இது பெரிய பாரம் இல்லைத்தான். ஆனால் ஆட்கள் இரவில் இறங்கிவிடுவார்கள், பிளைவுட் இறங்காது. வருடம் முழுவதும் அதே பாரத்தில் நிற்கும் பழைய ஸ்பிரிங் தளரத்தான் செய்யும். லொறி நிறுக்கும் தராசு பக்கத்தில் இருந்தால், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துக்கொள்வது மிக நல்லது. பிறகு செய்கிற எல்லா முடிவுக்கும் அந்த இரண்டு எண்களும் உதவும்.

இனிச் சொக் உண்மையிலேயே போய்விட்டதா என்பது. மூலையை அமுக்கிவிட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ணும் வழக்கமான சோதனையை இந்த வானில் முழுதாக நம்பக்கூடாது. பின்னால் இருப்பது இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த பிளேற் ஸ்பிரிங். பிளேற்றுகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும். கறள் பிடித்திருந்தால் இன்னும் கூடுதலாக அடக்கும். சொக் செத்துக் கிடந்தாலும் கையால் அமுக்கும்போது நல்லதுபோலக் காட்டும்.

நம்பக்கூடிய சோதனை சூடு பார்ப்பது. மோசமான தெருவில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு உடனே நிறுத்தி, நாலு சொக்கின் உடலுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வேலை செய்கிற சொக் சுடும். மூன்று சுட்டு ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அந்த ஒன்று வேலை செய்யவில்லை. முன்பக்கத்தில் எஞ்சின் சூடும் புகைக்குழாய்ச் சூடும் கலக்கும் என்பதால் இடதை வலதோடு ஒப்பிடுங்கள், முன்னைப் பின்னோடு ஒப்பிட வேண்டாம்.

ஒயில் கசிவையும் சரியாகப் பார்க்க வேண்டும். தண்டு வெளியே வரும் இடத்தில் மெல்லிய வியர்வைபோல ஒயில் பூசியிருந்தால் அது பழுதில்லை. தண்டு வெளியே வரும்போது சீலை நனைக்க ஒரு படலம் வரத்தான் வேண்டும். உடலின் கீழ்ப்பாதி வரை வழிந்து, அதில் புழுதி ஒட்டிச் சேறுபோல் கட்டியிருந்தால் அது கசிவு. ரயரையும் தடவிப் பாருங்கள். சுற்றிவர இடைவெளி விட்டு விட்டுக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் சில்லு தரையில் நில்லாமல் துள்ளியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சொக்கில் குறை சொல்லாதீர்கள், அது அலைன்மென்ற்.

சின்னச் சின்னக் கல்லில் ஏறும்போது "டொக், டொக்" என்று கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சொக்கை அல்ல, அதன் றப்பர் புஷ்ஷை. அடுத்து, வளைவில் வான் சாயாமல் தடுக்கும் ஸ்ரெபிலைசர் பாரின் புஷ்ஷும் லிங்கும், அதற்கடுத்து போல் ஜொயின்ற். சில நூறு ரூபா புஷ்ஷுக்காகச் சொக் சோடி மாற்றியவர்கள் ஏராளம்.

வாங்கும்போது. அச்சுக்குச் சோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வளைவில் வான் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் இன்னொரு மாதிரியும் நடக்கும். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் சொக் என்ற பெயரில் மூன்று விதம் கிடைக்கும்: புதியது, ஜப்பானில் கழற்றிய பழையது, பழையதற்கு ஒயில் மாற்றிப் பெயின்ற் அடித்தது. மூன்றாவதை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். தேய்வது ஒயில் மட்டும் அல்ல, வால்வுத் தகடுகளும் தண்டின் வழிகாட்டியும்தான். அவற்றை யாரும் மாற்றுவதில்லை. உடலின் மேல் விளிம்பில் புது வெல்டிங் தடமோ, லேபல் மீது தெறித்த பெயின்றோ தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கேஒய்பி, டோகிகோ போன்றவை நல்லவை, ஆனால் அந்தப் பெயர் அச்சடித்த பெட்டி மட்டும் போதாது. உடலில் பொறித்த எண் பெட்டி எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

கடைக்குப் பழைய சொக்கையோ, குறைந்தது அதன் படத்தையும் அளவுகளையுமோ கொண்டு போங்கள். எச்100 என்ற ஒரே பெயரில் 1989 முதல் 2004 வரை பல வகைகள் வந்தன. வான் வகையில் பின்னால் பிளேற் ஸ்பிரிங். வாகன் எனப்படும் வசதியான பயணிகள் வகைகள் சிலவற்றில் கொயில் ஸ்பிரிங். நாற்சில்லு இழுவை வகை வேறு. பார்க்க வேண்டியவை நாலு: முழுதாக நீட்டிய நீளம், முழுதாக மூடிய நீளம், முனைகள் ஊசியா கண்ணா, கண்ணின் உள்விட்டம். ஊசி என்பது தண்டே மரை வெட்டி மேலே நீண்டு நிற்பது. கண் என்பது வளையத்துள் றப்பர் புஷ் வைத்தது. நீட்டிய நீளம் குறைவான சொக்கைப் போட்டால் வான் பள்ளத்தில் இறங்கும்போது அச்சு முழுவதும் சொக்கில் தொங்கி, சொக்கைப் பிடித்திருக்கும் தாங்கி பிய்ந்துவிடும். மூடிய நீளம் கூடியதைப் போட்டால் அச்சு சேசிஸில் முட்டாமல் தடுக்கும் பம்ப் றப்பர் அமுங்குமுன்னரே சொக்கின் அடி முட்டி, உள் வால்வு நொறுங்கும். பம்ப் றப்பர் முழுதாக அமுங்கிய பிறகும் சொக்கில் 20 மி.மீற்றராவது மிச்சம் இருக்க வேண்டும்.

ஒயில் சொக்கா, காஸ் சொக்கா? காம்பருக்குக் குறைந்த அழுத்தக் காஸ் வகையைச் சொல்வேன். வெறும் ஒயில் சொக் நீண்ட நேரம் கரடுமுரடான தெருவில் ஓடும்போது ஒயிலும் காற்றும் கலந்து நுரைத்து, ஆட்டத்தை அடக்கும் திறன் பாதி வழியிலேயே போய்விடும். காஸ் அழுத்தம் நுரையைக் குறைக்கும். உடலைச் சுற்றிக் கொயில் ஸ்பிரிங் மாட்டிய "பாரச் சொக்" என்று ஒன்றும் விற்கிறார்கள். அதைத் தவிருங்கள். அது தூக்கும் பாரம் முழுவதும் சொக்கைப் பிடித்திருக்கும் மெல்லிய தாங்கி வழியே சேசிஸுக்குப் போகிறது. அந்தத் தாங்கி ஆட்டத்தைத் தாங்கச் செய்தது, பாரத்தைத் தாங்கச் செய்ததல்ல. 25 வருடம் கறள் தின்ற தாங்கி என்றால் சொல்லவே வேண்டாம்.

கருவிகள்: 2 அல்லது 3 டன் ஹைட்ரோலிக் ஜக், 3 டன் ஸ்ரான்ட் ஒரு சோடி, சில்லுக்கு வைக்கக் கட்டை, 12, 14, 17, 19 ஸ்பனர்களும் சொக்கெற்றும், டோர்க் ரெஞ்ச், வயர் பிரஷ், கறள் இளக்கும் ஸ்பிறே, இரும்பு வாள், உளி, சுத்தியல். ரொயோட்டாவில் 14 தலை பெரும்பாலும் 10 மி.மீ. மரை, 17 தலை 12 மி.மீ., 19 தலை 14 மி.மீ. இந்த மரைகளின் இடைவெளி நுண்ணியது. 10க்கும் 12க்கும் 1.25. சாதாரணக் கடைப் போல்ட் 1.5, 1.75 என்று வரும். கையில் கிடைத்ததை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும். புது நட்டும் வோஷரும் சொக்கோடு வந்தால் அவற்றையே போடுங்கள்.

வேலைக்கு இரண்டு நாள் முன்னரே கீழே படுத்து, எட்டு முனையின் மரைகளையும் வயர் பிரஷால் தேய்த்து ஸ்பிறே அடியுங்கள். அடுத்த நாள் காலையும் மாலையும் திரும்ப அடியுங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய வான் என்றால் இந்த இரண்டு நாள்தான் மொத்த வேலையில் பாதி. காஸ் சிலிண்டரை இறக்கி வையுங்கள். உள்ளே உருளக்கூடிய பாத்திரம், போத்தல் எதுவும் இருக்கக்கூடாது. வான் ஜக்கில் நிற்கும்போது உள்ளே ஆளும் ஏறக்கூடாது.

பின்பக்கத்தில் தொடங்குங்கள். பிளேற் ஸ்பிரிங் வானில் சில்லைக் கழற்றத் தேவையே இல்லை. முன்சில்லுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கியரில் போட்டு, வான் தன் காலிலேயே நிற்கும்போது கீழே படுத்து மாற்றலாம். அச்சைப் பிளேற் பிடித்திருப்பதால் சொக்கைக் கழற்றினாலும் எதுவும் விழாது. உங்கள் வானில் பின்னால் கொயில் இருந்தால் கதை வேறு: அங்கே அச்சு கீழே தொங்காமல் தடுப்பதே சொக்தான். அச்சுக்கடியில் ஜக் கொடுத்துத் தாங்காமல் சொக்கைக் கழற்றினால் அச்சு இறங்கி, கொயில் துள்ளி வெளியே வரும், பிரேக் ஹோஸ் இழுபடும். எந்த வகையானாலும் ஒரு பக்கத்தை முடித்துப் பூட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள்.

கீழ் நட்டை முதலில், மேல் நட்டைப் பிறகு. நட் கழன்றாலும் கண் வெளியே வராமல் அடம்பிடிக்கும் இடம் இதுதான். புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழல், அது ஏறியிருக்கும் இரும்புக் கட்டையோடு (அச்சிலும் சேசிஸிலும் நீட்டி நிற்கும் முளை) கறளால் ஒன்றாகிப் போயிருக்கும். பெரிய சுத்தியலால் சொக்கை அடித்தால் கட்டை வளையும். கட்டை அச்சுத் தகட்டோடோ சேசிஸோடோ வெல்ட் செய்யப்பட்டிருந்தால் பிறகு அதை நிமிர்த்துவது பெரும்பாடு. இப்படிச் செய்யுங்கள்: முதலில் சொக்கின் கண்ணைப் பிடித்து முறுக்கி, றப்பர் கிழிந்து வளையம் வெளியே வர விடுங்கள். இப்போது கட்டையில் இரும்புக் குழல் மட்டும் மிஞ்சும். அதில் ஒட்டிய றப்பரைக் கத்தியால் சீவி எறியுங்கள். இரும்பு வாளால் குழலின் நீளவாக்கில் ஒரே கோடாக அறுங்கள். அரைவாசிக்கு மேல் போனதும் வாளை மெல்ல ஓட்ட வேண்டும். குழல் அறுந்து கட்டையைத் தொடும்போது சத்தமும் உரசலும் மாறுவது கையில் தெரியும். அங்கே நிறுத்தி, வெட்டில் உளியை வைத்து இரண்டு தட்டு. குழல் வாய் பிளந்து கழன்று வரும். கட்டையை எமரித் தாளால் தேய்த்துக் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள், றப்பரில் படாமல்.

நெருப்புக் கொடுத்து நட் கழற்றுகிற பழக்கம் நம் கராஜ்களில் உண்டு. சொக்கின் உடலுக்குச் சூடு காட்டவே கூடாது. காஸ் சொக் வெடிக்கும். பக்கத்தில் டீசல் தாங்கி, பிரேக் குழாய், உள்ளே உங்கள் பிளைவுட் தரை எல்லாம் இருக்கின்றன. நட் அசையாவிட்டால் அதை உளியால் பிளப்பதும் அறுப்பதும்தான் வழி.

புதுச் சொக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பூட்டாதீர்கள். கடையில் படுக்கையாகக் கிடந்த சொக்கில் காற்றோ காஸோ உள்ளுருளைக்குள் போயிருக்கும். வானில் நிற்கிற மாதிரியே, தண்டு மேலே இருக்க நிமிர்த்திப் பிடித்து, முழுதாக அமுக்கி முழுதாக இழுத்து நாலைந்து தரம் செய்யுங்கள். முதல் இரண்டு தரம் நடுவில் ஒரு வெற்றிடம் தட்டும். பிறகு ஒரே சீராக எதிர்க்கும். ஐந்தாம் தரமும் வெற்றிடம் தட்டினால் அந்தச் சொக்கைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். இழுக்கும்போது அமுக்குவதைவிடக் கடினமாக இருப்பது குறை அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இந்தப் பதத்துக்குப் பின் அதைப் படுக்கப் போடாமல் நேராகவே கொண்டுபோய்ப் பூட்டுங்கள்.

காஸ் சொக்கை ஒரு பட்டி கட்டி அமுக்கி வைத்திருப்பார்கள். பதத்துக்காகப் பட்டியைக் கழற்றியிருந்தால் மறுபடி அமுக்கிக் கட்டி, மேல்முனையைப் பூட்டிய பின்னரே அதை வெட்டுங்கள். தண்டு தானாக நீண்டு கீழ்முனையைத் தேடி வரும். துளை ஒரு விரல் மேலேயோ கீழேயோ நின்றால் அலவாங்கால் நெம்ப வேண்டாம். ஜக்கால் மெல்ல உயர்த்தி அல்லது இறக்கிச் சேருங்கள். நட்டுகளை இந்தக் கட்டத்தில் கையால் மட்டும் ஏற்றுங்கள்.

கடைசி இறுக்கு வான் தன் வழக்கமான பாரத்தோடு, நாலு சில்லிலும் தரையில் நிற்கும்போதுதான். கண்ணிலுள்ள றப்பர் சுழல்வதில்லை, முறுகுகிறது. அச்சு கீழே தொங்கும்போது இறுக்கிவிட்டால், வானை இறக்கியவுடன் றப்பர் ஒரு பக்கம் முறுகிய நிலையிலேயே நாள் முழுவதும் நிற்கும். சில மாதத்தில் கிழிந்து, "புதுச் சொக் டொக் டொக் என்கிறது" என்ற புகார் தொடங்கும். புதுச் சொக் சீக்கிரம் சத்தம் போடுவதற்கு முதற் காரணம் இந்த அவசரம்தான்.

எவ்வளவு இறுக்குவது? வானின் கையேட்டில் உள்ள எண்ணே முடிவு. கையேடு கிடைக்காதபோது ஒரு மட்டாக, ஊசி முனையின் 10 மி.மீ. நட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீற்றர். கண்ணின் குழலை நெரித்துப் பிடிக்கும் 12 மி.மீ. போல்ட்டுக்கு 80 அளவு. 25 செ.மீ. நீள ஸ்பனரின் நுனியில் 8 கிலோ தள்ளினால் 20 நியூட்டன் மீற்றர்; அரை மீற்றர் கைபிடியில் 16 கிலோ தள்ளினால் 80. ஊசி முனையில் எண்ணைவிட றப்பரைப் பார்ப்பது நல்லது: றப்பர் கொஞ்சம் பிதுங்கி வோஷரின் விளிம்புக்கு வந்ததும் நிறுத்துங்கள். வோஷரைத் தாண்டிப் பிதுங்கினால் அதிகம். அடுக்கு வரிசை: கிண்ண வோஷர், றப்பர், தாங்கித் தகடு, றப்பர், கிண்ண வோஷர், நட், அதன்மேல் பூட்டு நட். கிண்ணத்தின் குழிந்த பக்கம் றப்பரைப் பார்க்க வேண்டும். றப்பரில் சிறிய கழுத்து இருந்தால் அது தகட்டின் துளைக்குள் இறங்கியிருக்க வேண்டும். கழுத்து துளைக்கு வெளியே நசுங்கிக் கிடந்தால் இரண்டு வாரத்தில் இரும்பும் இரும்பும் உரசும்.

முன்பக்கம். எச்100இல் முன்னால் சில்லைப் பிடிக்கும் மேற்கை, கீழ்க்கை, நீளவாக்கில் ஓடி, முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரோர்ஷன் பார். இது உங்களுக்கு அதிர்ஷ்டம். கார்களில் இருப்பதுபோல் சொக்கைச் சுற்றிக் கொயில் கிடையாது. ஸ்பிரிங் அமுக்கும் ஆபத்தான கருவி எதுவும் தேவையில்லை. பின்சில்லுகளுக்குக் கட்டை, கைப்பிரேக். முன்னால் உயர்த்தி, சேசிஸ் சட்டத்தின் அடியில் இரண்டு ஸ்ரான்ட் வைத்து, ஜக்கை இறக்கி, வானைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளி அசையவில்லை என்று பார்த்த பிறகே கீழே போங்கள். எஞ்சின் முன்சீற்றுக்கு அடியில் இருப்பதால் இந்த வானின் முன்பக்கம் பார்ப்பதற்குத் தோன்றுவதைவிடக் கனம். செங்கல், மரக்குற்றி அடுக்கி வேலை செய்வதானால் இந்தப் பகுதியை இங்கேயே விட்டுவிடுங்கள்.

சில்லைக் கழற்றி, கீழ்க்கையின் வெளிமுனைக்கு அடியில் ஜக் கொடுத்து, கை, கீழே போகாமல் தடுக்கும் தன் தொங்கு றப்பரை விட்டு ஒரு விரல் எழும்பும் வரை உயர்த்துங்கள். இப்போது சொக்கில் இழுவிசை இல்லை. ரோர்ஷன் பாரின் பின்முனையில் உயரம் சரிசெய்யும் நீண்ட போல்ட் ஒன்று இருக்கும். சொக் மாற்ற அதைத் தொடவே தேவையில்லை. ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் கை போக இடம் கிடைக்கும்.

மேல் நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுழலும். தண்டின் நுனியில் இரண்டு பக்கம் தட்டையாக வெட்டியிருப்பார்கள். அதைச் சிறிய ஸ்பனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். தட்டை தேய்ந்து நழுவினால், எப்படியும் எறியப்போகிற பழைய சொக்கின் தண்டைக் குறட்டால் கடித்துப் பிடிக்கலாம். புதுச் சொக்கில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். பளபளப்பான தண்டில் நகம் தட்டுப்படும் அளவு கீறல் ஒன்று போதும். அது ஒவ்வொரு ஆட்டத்திலும் சீலை அரமாக அராவி ஒரு மாதத்தில் ஒயிலை வெளியே கொண்டுவரும். காற்றுத் துப்பாக்கியால் ஊசி நட் ஏற்றுவதும் வேண்டாம். தண்டு வேகமாகச் சுழன்று உள்ளே பிஸ்டனின் நட் இளகிவிடலாம்.

கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, சொக்கை மூடிச் சாய்த்து எடுங்கள். ஸ்ரெபிலைசர் லிங்க் வழி மறித்தால் அதன் ஒரு முனையை விடுவியுங்கள். திரும்பப் பூட்டும்போது அதன் றப்பரையும் புதிதாகப் போட்டால் சில்லறைச் செலவில் பெரிய பலன். பிரேக் ஹோஸ் எங்கும் முறுகவில்லை என்று பார்த்து, பின்பக்கத்தில் செய்ததுபோலவே பூட்டி, வானை இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தரம் அமுக்கி அமரவிட்டு, கீழ்ப் போல்ட்டை இறுக்குங்கள். சில்லு நட் 12 மி.மீ. மரை, 110 நியூட்டன் மீற்றர் அளவில், எதிரெதிராக.

சொக் மாற்றினால் அலைன்மென்ற் பார்க்க வேண்டும் என்று கராஜில் சொல்வார்கள். மக்பர்சன் வகைக் காருக்கு அது சரி. அங்கே சொக்தான் சில்லின் சாய்வைத் தீர்மானிக்கிறது. உங்கள் வானில் சொக் வெறும் சொக்தான். கைகளின் போல்ட்டையோ ரோர்ஷன் பாரையோ தொடாவிட்டால் எதுவும் மாறியிருக்காது.

100 கிலோமீற்றர் ஓடிய பிறகு எட்டு முனையையும் ஸ்பனரால் ஒரு தரம் பாருங்கள். புது றப்பர் அமர்ந்து நட் அரைச் சுற்று இளகியிருக்கும். கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்த ரயர் தொடர்ந்து ஊளையிடும்; அதைச் சொக் குணப்படுத்தாது, ரயர் மாற்றும்வரை இருக்கும். மதகில் ஆட்டம் நின்று, அதிவேகப் பாதையில் பக்கவாட்டுத் தள்ளாட்டம் மட்டும் மிஞ்சினால் ரயரின் பக்கத்தைப் படியுங்கள். 195ஆர்14சி, 8 பிளை, 106/104 என்றிருந்தால் தனிச் சில்லுக்கு 950 கிலோ தாங்கும் வான் ரயர். "சி" இல்லாத கார் ரயர் போட்டிருந்தால் அதன் மெல்லிய பக்கச் சுவர்தான் வளைகிறது. கூரை மேல் ஏற்றிய சாமானும் அதே வேலையைச் செய்யும்.

கடைசியாகத் தாழ்வு. பாரத்தைக் குறைப்பதே மலிவான வழி: ஈயப் பற்றரிக்குப் பதில் அதே அளவு லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி 12 கிலோ அளவில்தான் வரும், ஓடும்போது தண்ணீர்த் தாங்கியைக் கால்வாசி வைத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பலாம், கனமானவற்றைப் பின்கதவிலிருந்து அச்சுக்கு முன்னால் நகர்த்தலாம். அதன் பிறகும் தாழ்ந்திருந்தால் பிளேற் வளைவை மீட்டு எடுப்பதோ, ஒரு பிளேற் கூட்டுவதோ செய்யலாம். பிளேற் கூட்டினால் வான் 30, 40 மி.மீ. உயரும், புதுச் சொக்கின் நீட்டிய நீளம் அதற்கும் போதுமா என்று முன்னரே அளக்க வேண்டும். ஆகவே பிளேற் வேலை செய்கிற எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு சொக் வாங்குங்கள்.

பிளேற் கூட்டும் கராஜ்களில் அடிக்கடி தவறவிடும் ஒன்று உண்டு. இந்த மாதிரி வான்கள் பலவற்றில் பின் அச்சிலிருந்து சேசிஸிலுள்ள பிரேக் வால்வு ஒன்றுக்கு மெல்லிய கம்பியோ ஸ்பிரிங்கோ போகும். பின்பக்கம் தாழ்ந்திருக்கும் அளவை வைத்து, பாரம் எவ்வளவு என்று ஊகித்துப் பின்பிரேக்குக்கு அழுத்தம் விடுகிற வால்வு அது. பிளேற் கூட்டி வானை உயர்த்திவிட்டால், 250 கிலோ ஏற்றிய வானையும் அது வெறும் வான் என்றே நினைத்துப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். நுவரெலியா இறக்கத்துக்குக் கொண்டுபோகமுன்னர் அந்தக் கம்பியின் நீளத்தைப் புது உயரத்துக்கேற்பச் சரிசெய்விக்க வேண்டும்.